மாஸ்டடான் கணக்கு முடங்கும் முன்பே செய்ய வேண்டியவை: கடலூர் வெள்ளத்தில் நான் கற்றுக்கொண்டது

2024 டிசம்பர் 2. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூரின் வடக்குப் பக்க ஊர்களுக்குள் புகுந்துகொண்டிருந்தது. குண்டு உப்பலவாடி, தாழங்குடா பக்கம் சொந்தக்காரர்களைத் தேடியவர்களுக்கு, ட்விட்டர் போன்ற சமூக வலையான மாஸ்டடானில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தேன். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, முகாம் எங்கே, படகு எங்கே நிற்கிறது என்று நான்கே வரி. முப்பது நாற்பது முறை ஒட்டியிருப்பேன். சாயங்காலம் கணக்கு முடங்கிவிட்டது. காரணம் ‘ஸ்பேம்’ என்று இருந்தது.

என் கணக்கு இருந்த சர்வரை நடத்தியவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. முறையீடு செய்தேன், ஒன்பதாம் நாள் திறந்துவிட்டார்கள். அதற்குள் தண்ணீர் வடிந்து, ஜனங்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

‘இங்கே முதலாளி கிடையாது, பிடிக்காவிட்டால் வேறு சர்வருக்குப் போய்க்கொள்ளலாம்’ என்று சொல்லித்தான் எல்லோரும் நம்மை மாஸ்டடானுக்கு அழைக்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் முடங்கிய கணக்கிலிருந்து உங்களைப் பின்தொடர்பவர்களைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. வெளியேறும் உரிமை கதவு திறந்திருக்கும்போது மட்டும்தான் செல்லும். அதனால் கீழே உள்ள வேலைகளில் பாதியை எந்தப் பிரச்சினையும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்து வையுங்கள்.

1. சர்வரைத் தேர்ந்தெடுக்கும் முன் ‘அபவுட்’ பக்கத்தைக் கடைசி வரை படியுங்கள்

மாஸ்டடான் ஒரு நிறுவனத்தின் தளமல்ல. ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவுக்கு மடல் போடுவது போல, ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் பேசிக்கொள்கின்றன. எந்தச் சர்வரில் சேருகிறீர்களோ அதை நடத்துபவரின் விதிதான் உங்களுக்கு விதி. ஆகவே பெயரையும் படத்தையும் பார்த்துச் சேர்ந்துவிடாதீர்கள்.

அந்தப் பக்கத்தில் விதிகளுக்குக் கீழே, அந்தச் சர்வர் எந்தெந்தச் சர்வர்களைத் தடுத்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். சில இடங்களில் உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டுவார்கள். இரண்டு சொற்களைக் கவனியுங்கள். ‘லிமிட்டட்’ என்றால் அந்தச் சர்வர்க்காரர்களைத் தேடிப்போய்ப் பின்தொடரலாம், எல்லோர் பதிவும் ஓடும் பொது ஓடையில் மட்டும் வரமாட்டார்கள். ‘சஸ்பெண்டட்’ என்றால் போக்குவரத்தே கிடையாது. உங்கள் நண்பர்கள் இருக்கும் சர்வர் இரண்டாவது வகையில் இருந்தால் அங்கே சேருவதில் அர்த்தமில்லை.

பட்டியல் நீளமாக இருப்பதைப் பார்த்துச் சர்வாதிகாரம் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். 2019-ல் காப் என்ற தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது, வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன கூட்டம் என்று பல சர்வர்கள் அதை உடனே துண்டித்தன. மென்பொருள் கட்டற்றது, காப் அதைப் பயன்படுத்துவதை யாரும் தடுக்க முடியாது. அவர்களோடு பேசுவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு சர்வரின் முடிவு. இரண்டுமே சுதந்திரம்தான் என்பது என் கட்சி. சில தடைகளுக்குப் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கும். காரணம் எழுதும் சர்வரை நான் அதிகம் நம்புவேன்.

மாஸ்டடானின் அதிகாரபூர்வ ஜாயின்மாஸ்டடான் தளத்தின் பட்டியலில் வரும் சர்வர்கள் ஓர் உடன்படிக்கையை ஏற்றவை. வெறுப்புப் பேச்சைக் கண்காணித்து அகற்றுவது, தினமும் பேக்அப், அவசரத்துக்கு உள்ளே போகக்கூடிய இன்னொரு ஆள், மூடுவதானால் மூன்று மாத முன்னறிவிப்பு. அந்தப் பட்டியலில் இல்லாத சர்வர் என்றால் இந்த நான்கையும் அட்மினிடமே கேட்டுவிடுங்கள். கூடவே ஐந்தாவதாக ஒன்று: ‘தமிழ் படிக்கத் தெரிந்த மாடரேட்டர் உண்டா?’ நான் கேட்கத் தவறியது இதைத்தான்.

செலவு: ஒன்றுமில்லை. நேரம்: படிக்க அரை மணி. ‘அனுமதி தேவை’ என்றிருந்தால் விண்ணப்பத்தில் இரண்டு வரி எழுத வேண்டும். தமிழில் எழுதினால் கீழே ஆங்கிலத்திலும் எழுதுங்கள். புரியாத விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.

2. முதல் நாளே மூன்று வேலை

நிரந்தரமான மின்னஞ்சல் கொடுங்கள். கல்லூரி மடலையோ அலுவலக மடலையோ கொடுத்துவிட்டு, படிப்பு முடிந்ததும் பாஸ்வேர்டை மீட்க முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்து, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிட்டு, அது தரும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டு இருக்கும் பையில் வையுங்கள். மூன்றாவது, பதிவிடும் மொழியைத் ‘தமிழ்’ என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் பதிவு ஆங்கிலம் என்ற முத்திரையோடு போகக்கூடும். மொழிபெயர்ப்புப் பொத்தானும் மொழிவாரி வடிகட்டலும் தடுமாறும்.

நேரடிச் செய்தி என்று ஒன்று இருக்கிறதே, அது முழு மறையாக்கம் செய்யப்பட்டதல்ல. உங்கள் சர்வர் அட்மினும் எதிர்முனை சர்வர் அட்மினும் நினைத்தால் பார்க்க முடியும். ஆதார் எண், வங்கி விவரம், வெள்ளத்தில் தவிப்பவரின் வீட்டு முகவரி எதையும் அதில் அனுப்பாதீர்கள்.

3. மாதம் ஒருமுறை ஆவணங்களை இறக்கி வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

பிரஃபரன்சஸ் உள்ளே ‘இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட்’ என்று இருக்கும். அதில் நீங்கள் பின்தொடர்பவர்கள், பட்டியல்கள், மியூட் செய்தவர்கள், பிளாக் செய்தவர்கள், பிளாக் செய்த டொமைன்கள் (முழுச் சர்வர் முகவரிகள்), புக்மார்க்குகள் எல்லாம் தனித்தனி சிஎஸ்வி (அட்டவணை) கோப்பாகக் கிடைக்கும். ஆறு கோப்பு, இரண்டு நிமிட வேலை. அவற்றைப் பின்னால் எந்த மாஸ்டடான் சர்வரிலும் ஏற்றிக்கொள்ளலாம்.

அதே பக்கத்தில் முழுக் காப்பகத்தையும் கேட்கலாம். உங்கள் பதிவுகளும் ஏற்றிய படங்களும் அதில் இருக்கும். ஏழு நாளுக்கு ஒருமுறைதான் கேட்க முடியும், தயாரானதும் மடல் வரும். நாள் கணக்கில் எழுதியவர்களுக்குக் கோப்பு பெரிதாக இருக்கும், மொபைல் டேட்டாவில் இறக்காதீர்கள்.

இங்கே மூன்று பொறி இருக்கிறது. காப்பகத்தில் உள்ள பதிவுகளைப் புதுச் சர்வரில் ஏற்ற முடியாது. அது நீங்கள் வைத்துக்கொள்ளும் நகல் மட்டுமே. உங்களைப் பின்தொடர்பவர்கள் எந்தக் கோப்பு வழியாகவும் வரமாட்டார்கள். அதற்கு அடுத்த படிதான் வழி. ஓடையில் வேண்டாம் என்று நீங்கள் மறைக்கச் சொன்ன வடிகட்டிச் சொற்கள் எக்ஸ்போர்ட்டில் வருவதில்லை; அவற்றைத் தனியாக ஒரு குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு என்று காலண்டரில் போட்டிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வாராவாரம் இறக்குவேன். நம் கடற்கரையில் அந்த இரண்டு மாதமும் எது எப்போது அறுந்துபோகும் என்று தெரியாது.

4. வேறு சர்வருக்குக் குடிபெயர்தல்: வரிசை மாறக் கூடாது

புதுச் சர்வரில் கணக்கைத் தொடங்கி, படமும் அறிமுகமும் போட்டு, இரண்டு பதிவு எழுதுங்கள். வெற்றுக் கணக்கு நகர்ந்து வந்தால் பலர் போலி என்று நினைப்பார்கள்.

பிறகு முதலில் ஏற்ற வேண்டியது பிளாக் பட்டியலும் டொமைன் பிளாக் பட்டியலும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. நான் என்னைப் பின்தொடர்பவர்களை முதலில் நகர்த்திவிட்டேன். பிளாக் பட்டியலை ஏற்றுவதற்குள், மூன்று வருடமாக ஒதுக்கி வைத்திருந்த ஓர் ஆள் அன்று இரவே புதுக் கணக்கில் வந்து நின்றார். தொல்லைக்கு ஆளான பெண்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

அடுத்தது புதுக் கணக்கின் அமைப்பில் ‘வேறொரு கணக்கிலிருந்து நகர்தல்’ என்ற இடத்தில் பழைய முகவரியை எழுதுவது. இதற்கு ‘ஏலியஸ்’ என்று பெயர். இது இல்லாமல் பழைய பக்கம் உங்களை விடாது. இல்லையென்றால் எவரும் தன்னைப் பின்தொடர்பவர்களை எவர் கணக்கிலும் தள்ளிவிடலாமே.

அதன் பிறகுதான் பழைய கணக்குக்குப் போய் ‘வேறொரு கணக்குக்கு நகர்தல்’ பகுதியில் புது முகவரியும் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே ‘வெறும் திசைதிருப்பல்’ என்று ஒரு வாய்ப்பு இருக்கும். அதைத் தொட்டால் முகப்பில் அறிவிப்பு மட்டும் வரும், ஆட்கள் நகர மாட்டார்கள். அவசரத்தில் அதைத் தட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு.

நகர்வு சில நிமிடத்தில் தொடங்கும், முழுதும் வந்துசேர ஒருநாள் வரை ஆகலாம். பின்தொடர்பவரின் சர்வர் அந்த நேரம் படுத்துக் கிடந்தாலோ, அவர் பயன்படுத்தும் மென்பொருளுக்கு இந்த வசதி தெரியாமலிருந்தாலோ அவர் பழைய இடத்திலேயே தங்கிவிடுவார். அதனால் நகரும் முன்பே ‘இந்தத் தேதியில் போகிறேன்’ என்று இரண்டு முறை பதிவிடுங்கள். நகர்ந்துவிட்டால் அடுத்த 30 நாளுக்கு மறுபடி நகர முடியாது. அவசரத்தில் கைக்குக் கிடைத்த சர்வருக்குத் தாவினால் ஒரு மாதம் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

கடைசியாக, நீங்கள் பின்தொடர்பவர்களின் கோப்பை ஏற்றுங்கள். பழைய கணக்கை உடனே அழிக்காதீர்கள். அறிவிப்புப் பலகை போல அது நிற்கட்டும்.

5. உங்கள் வாசலை நீங்களே காவல் காக்கும் கருவிகள், தமிழுக்கு ஏற்றபடி

மாடரேட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மியூட் செய்தால் எதிராளிக்குத் தெரியாது. பிளாக் செய்தால் அவர் உங்களைப் பின்தொடர்வதும் அறுந்துவிடும். முழு டொமைனையும் ஒதுக்கலாம். ஆனால் அங்கிருந்து உங்களைப் பின்தொடர்பவர்கள் அத்தனை பேரும் ஒரே தட்டில் போய்விடுவார்கள், தடையை நீக்கினாலும் தானாகத் திரும்ப மாட்டார்கள். பெரிய சர்வர்களை ஒரு ஆளின் மேலுள்ள கோபத்தில் ஒதுக்கிவிடாதீர்கள்.

சொல் வடிகட்டிதான் தமிழில் அதிகம் சறுக்கும் இடம். ‘முழுச் சொல்’ என்ற பெட்டியில் டிக் அடித்துவிட்டுப் ‘படம்’ என்று கொடுத்தால் ‘படத்தை’, ‘படத்துக்கு’ எல்லாம் தாராளமாக உள்ளே வரும். ஆங்கிலத்துக்குச் செய்த பெட்டி அது. நம் சொல் வேற்றுமை உருபு ஏறியதும் உருமாறிவிடும். சரி என்று டிக்கை எடுத்துவிட்டுச் சுருக்கமாகப் ‘பட’ என்று போட்டால் படகு, படுக்கை, படிப்பு எல்லாம் மறைந்துவிடும். கணினிக்கு ‘டி’ என்பது ட-வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு எழுத்து, எனவே ‘படி’க்குள்ளும் அது ‘பட’வைக் காண்கிறது. வெள்ள நேரத்தில் ‘படகு’ மறைந்த ஓடையை யோசித்துப் பாருங்கள்.

டிக்கை எடுத்துவிட்டு, மகரத்தில் முடியும் சொல்லுக்கு இரண்டு வடிவம் கொடுங்கள்: ‘படம்’, ‘படத்த’. இரண்டாவதே படத்தை, படத்துக்கு, படத்தில், படத்தோட எல்லாவற்றையும் பிடித்துவிடும். ‘புயல்’ போன்றவற்றுக்குக் கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டுப் ‘புயல’ என்ற ஒரே வடிவம் போதும். சாதி வசைகளுக்குத் தமிழ் எழுத்து வடிவத்தோடு, தங்கிலீஷில் எழுதும் மூன்று நான்கு விதங்களையும் சேருங்கள். வசைபாடுபவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். வசைக்கு ‘முழுதாக மறை’, மற்றதுக்கு ‘எச்சரிக்கையோடு மறை’ என்று வைத்தால் தவறாகச் சிக்கியதைப் பிறகு பார்த்துத் திருத்தலாம்.

6. புகாரும் முறையீடும்

புகார் கொடுக்கும்போது தொந்தரவான பதிவுகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். கணக்கை மட்டும் காட்டினால் மாடரேட்டருக்கு ஆதாரம் இராது. குறிப்புப் பெட்டியில் அந்தத் தமிழ்ச் சொல் என்ன, நம் ஊரில் அதை யாரை நோக்கி, எதற்காகச் சொல்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதுங்கள். அகராதிப் பொருளைப் பார்த்தால் பல சாதிப் பெயர்கள் வெறும் தொழிற்பெயராகத் தெரியும், புகார் தள்ளுபடியாகும். எதிராளி வேறு சர்வரில் இருந்தால் ‘அந்தச் சர்வருக்கும் அனுப்பு’ என்ற வாய்ப்பு வரும். உங்கள் பெயர் போகாது, உங்கள் சர்வரின் பெயரில்தான் போகும். ஆனால் நீங்கள் குறிப்பில் எழுதியதும் கூடவே போகும் என்பதால் அங்கே உங்களை அடையாளம் காட்டும் எதையும் எழுதாதீர்கள். அந்தச் சர்வர் அட்மினே தொல்லை தருபவரின் கூட்டாளி என்று தோன்றினால் அனுப்பவே வேண்டாம்.

உங்கள் மேல் நடவடிக்கை வந்தால் மடல் வரும், கணக்கு அமைப்பிலும் பதிவாகும். முறையீட்டுக்கு 20 நாள் அவகாசம், ஒரு நடவடிக்கைக்கு ஒரே முறையீடு. அதனால் கோபத்தில் முதல் நாளே அனுப்பாதீர்கள். நான் அனுப்பியது அப்படித்தான், ‘உங்களுக்குத் தமிழ் தெரியாது’ என்று ஆரம்பித்திருந்தேன். மறுநாள் நிதானமாக எழுதியிருந்தால் ஒன்பது நாள் ஆகியிருக்காது என்றே நினைக்கிறேன். எந்தப் பதிவு, அதன் நேர் மொழிபெயர்ப்பு, அன்று ஊரில் நடந்தது, அதைக் காட்டும் செய்தி இணைப்பு, இனி எப்படிச் செய்வேன் என்ற உறுதி. இந்த ஐந்தும் போதும். வெள்ளத் தகவலைப் பத்துப் பேருக்குத் தனித்தனியாக ஒட்டாமல் ஒரே பதிவில் போட்டு முகப்பில் பின் செய்துவிட்டு, மற்றவர்களை அங்கே அனுப்புவதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன்.

கணக்கு முழுதாக முடக்கப்பட்டாலும் 30 நாள் வரை தரவு அழியாது. அதற்குள் உள்ளே நுழைந்து காப்பகத்தைக் கேட்டு இறக்கிக்கொள்ளலாம். முறையீட்டின் முடிவுக்குக் காத்திராமல் அன்றே இறக்குங்கள்.

உங்கள் சர்வர் வேறொரு சர்வரை முழுதாகத் துண்டித்தாலும் உங்களுக்குத் தொடர்பு போகும். புதிய பதிப்புகளில் யார் யாரை இழந்தீர்கள் என்ற அறிவிப்பும் இறக்கிக்கொள்ளக்கூடிய பட்டியலும் வருகிறது, விட்டுவிடாதீர்கள்.

7. நாமே சர்வர் போட்டால்?

நான்கு மாதம் யோசித்து, புதுச்சேரியில் இருக்கும் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து சின்னதாக ஒன்று போட்டோம். இப்போது இருபத்துச் சொச்சம் பேர்.

டொமைனுக்கு ஆண்டுக்கு எண்ணூறு ரூபாய்ப் பக்கம் ஆகிறது. 4 ஜிபி நினைவகம் உள்ள வாடகை சர்வருக்கு மாதம் தொள்ளாயிரம் தருகிறோம். ஐந்தாறு பேருக்கு மட்டும் என்றால் கோடூசோஷியல் என்ற இலகுவான சர்வர் மென்பொருளே போதும். 1 ஜிபியிலேயே ஓடும். எழுத டஸ்கி போன்ற செயலியைப் பயன்படுத்த வேண்டும். எங்களுக்கு எதிர்பாராமல் வந்த செலவு சேமிப்பிடம். மற்ற சர்வர்களிலிருந்து வரும் படங்களின் நகலும் நம் வட்டில் குவியும், எங்களுக்கு மூன்றாம் வாரமே நிறைந்து சர்வர் நின்றுவிட்டது. மீடியா நகலை ஏழு நாளில் நீக்கும்படி அட்மின் பக்கத்தில் முதல் நாளே அமைத்துவிடுங்கள். மடல் அனுப்பத் தனிச் சேவை வேண்டும். பல வாடகை நிறுவனங்கள் மடல் வெளியே போகும் 25-ஆம் போர்ட்டை அடைத்தே தருகின்றன.

டொமைனில் விலை பார்க்காதீர்கள். ஒருமுறை வைத்த பெயரைப் பிறகு மாற்ற முடியாது, எல்லோருடைய முகவரியும் அதோடு கட்டப்பட்டிருக்கிறது. அழகாக இருக்கிறது என்று வேறு நாட்டு ஈற்றுப் பெயரை வாங்கியவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு, ஆப்கானிஸ்தானின் ‘.ஏஎஃப்’ ஈற்றை வாங்கிய குவீர்.ஏஎஃப் என்ற மாஸ்டடான் சர்வர் சாட்சி: 2024 பிப்ரவரியில் அங்குள்ள தாலிபான் ஆட்சி அந்தப் பெயரையே பறித்துவிட்டது.

புதியவர் சேர்க்கையை ‘அனுமதி தேவை’ என்றே வையுங்கள். 2024 பிப்ரவரியில், யாரும் கவனிக்காத திறந்த சர்வர்களில் கணக்குத் திறந்துதான் ஃபெடிவெர்ஸ் என்ற இந்தச் சர்வர் வலை முழுக்க ஸ்பேம் அடித்தார்கள். விதிகளைத் தமிழில் எழுதுங்கள். ‘நாகரிகமாகப் பேசவும்’ என்பது விதியல்ல, அதை வைத்து யாரையும் நீக்கலாம். ‘சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் கணக்கு நீக்கப்படும்’, ‘ஒருவரின் வீட்டு முகவரி, கைபேசி எண்ணை அனுமதியின்றிப் போட்டால் பதிவு நீக்கப்பட்டு எச்சரிக்கை தரப்படும்’ என்று செயலையும் விளைவையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடக்கும் முடிவை எங்கள் சர்வரில் இருவர் சேர்ந்துதான் எடுக்கிறோம், முறையீட்டை மூன்றாமவர் பார்க்கிறார். மூவரும் ஒரே ஊரில் இல்லாதது புயலன்று உதவும்; கடலூரில் கரண்ட் போனால் பெங்களூரிலிருந்து ஒருவர் பார்த்துக்கொள்ளலாம் என்று நாலாவதாக ஓர் ஆளையும் சேர்த்திருக்கிறோம்.

சட்டம் நம்மைப் பார்க்காது என்று நினைக்க வேண்டாம். 2012-ல் புதுச்சேரியைச் சேர்ந்த சிறுதொழில் செய்பவர் ஒருவர், அரசியல்வாதியின் மகனைப் பற்றிப் போட்ட ட்வீட்டுக்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைதானார். அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் வெறும் 16 பேர். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது, ஆனால் வேறு பிரிவுகள் இருக்கின்றன. சர்வர் நடத்தினால் அதே சட்டத்தின்படி நீங்கள் இடைநிலையாளர். பயனர் எழுதியதற்கு நீங்கள் பொறுப்பாகாமல் காக்கும் 79-ஆம் பிரிவின் பாதுகாப்பு வேண்டுமென்றால் 2021 விதிகளின்படி பயன்பாட்டு விதி, தனியுரிமைக் கொள்கை, குறைதீர் அலுவலரின் பெயர், தொடர்பு முகவரி ஆகியவற்றை வெளியிட்டிருக்க வேண்டும். புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும். 50 லட்சம் பயனருக்கு மேல் உள்ளவர்களுக்கான கூடுதல் கடமைகள் நமக்கில்லை. மற்ற காலக்கெடுக்கள் திருத்தப்படுவதால் அமைச்சகத்தின் தளத்தில் நடப்பு வடிவத்தை இறக்கிப் படியுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவுப்படி சர்வரின் செயல்பாட்டுப் பதிவேடுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இதையெல்லாம் ‘அபவுட்’ பக்கத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். எதைச் சேமிக்கிறோம் என்று தெரிந்தபின் சேருவதா என்பது அவரவர் முடிவாக இருக்கட்டும்.

பேக்அப் என்றால் டேட்டாபேஸ் மட்டுமல்ல. ரகசியச் சாவிகள் இருக்கும் அமைப்புக் கோப்பும், பயனர் ஏற்றிய படங்களும் சேர்த்து, வேறொரு நிறுவனத்தின் இடத்தில் தினமும் நகல் எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து ஒரு சர்வரை எழுப்பிப் பாருங்கள்.

8. மூட நேர்ந்தால்

பணமோ தெம்போ தீரலாம். ஒரு வருட டொமைன் பணத்தையும் மூன்று மாத வாடகையையும் தொடாமல் தனியாக வைத்திருக்கிறோம். அது தீரும் நிலை வந்தால் அன்றே அறிவிக்க வேண்டும் என்பது எங்கள் விதியிலேயே இருக்கிறது. அறிவித்ததும் புது ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்துங்கள். மூன்றாம் படியையும் நான்காம் படியையும் தமிழில் எழுதி ஒவ்வொருவருக்கும் மடலில் அனுப்புங்கள். கைபேசி மட்டுமே வைத்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுங்கள். எல்லோரும் நகர்ந்தபின் ‘டூட்சிடிஎல் செல்ஃப்-டிஸ்ட்ரக்ட்’ கட்டளையை ஓடவிட்டு, அது சொல்லும்படி செய்தால், இந்தச் சர்வரின் கணக்குகளை அழித்துவிடும்படி மற்ற சர்வர்களுக்கு அறிவிப்பு போகும். அது போய்ச்சேர நாள் பிடிக்கும். வேலை வரிசை முழுதும் காலியானதைப் பார்த்த பிறகு வாடகையை நிறுத்துங்கள்.